ஐந்தே முக்கால் அலாரம்

பழைய போனில் அலாரம் சத்தத்தை மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மேடம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். புதுப் போன் தொட்டால் கேட்கும். பொத்தான் போன் அப்படி இல்லை, அதன் வழியில்தான் போக வேண்டும். மெனுவுக்குள் கடிகாரம், கடிகாரத்துக்குள் அலாரம், அலாரத்துக்குள் ஒலி. நடுவில் ஒரு பொத்தானைத் தவறாக அமுக்கிவிட்டால் மறுபடி வாசலிலிருந்து தொடங்க வேண்டும். வயதானவர்களுக்கு அதற்குள் கண்ணைக் கட்டிவிடும். அதனால்தான் என்னிடம் வந்தார்கள்.

என் கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. நான் எழுந்து நின்றால் தலை இடிக்கும். பெயர்ப்பலகை கூட இல்லை. போனுக்கு வைத்தியம் பார்க்கும் 'டாக்டரம்மா கடை' என்று கேட்டால் தெருவில் யாரும் கைகாட்டுவார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் மணியடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அந்த மணிச்சத்தம் இல்லாமல் எழ முடியவில்லை என்று வந்தார். நானே அந்தப் பள்ளிக்குப் போய் மணியைப் பதிவு செய்து வந்து போட்டுக் கொடுத்தேன். இன்னொருவர் தையற்காரர். மனைவி ஊருக்குப் போய் ஒரு வாரமாகிவிட்டது, பொழுது விடிவதே தெரியவில்லை என்றார்.

"அவ திட்டுற மாதிரி ஏதாவது சத்தம் இருக்குமா, டாக்டரம்மா?"

"அவங்க திட்டுனதே இருந்தா கொண்டாங்க, அதையே போட்டுடலாம்."

இருந்தது. ஒரு முழு நிமிடம், மூச்சுவிடாமல். அதை அலாரமாக வைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா ஊரிலிருந்து திரும்பி வந்து கடை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார். "நேர்ல திட்டுனா எருமை மேல மழை பெஞ்ச மாதிரி படுத்துக் கிடப்பாரு. போன்ல திட்டுனா மட்டும் எந்திரிக்கிறாராமே?" என்றார். நாங்கள் இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது அது ஒன்றுதான். சத்தத்துக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. ஆளுக்குத்தான் எழுந்திருக்கிறார்கள்.

உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறதே, அந்தப் போன், நேற்று விடிகாலையில் ஸ்டேஷன் அலமாரிக்குள்ளிருந்து பேசியதும் காவலர் செருப்பை விட்டுவிட்டு வெளியே ஓடினார் என்றீர்கள். அவரிடம் சொல்லுங்கள், பயப்பட ஒன்றும் இல்லை. அந்த ரகப் போனை அணைத்து வைத்தாலும் அலாரத்துக்கு மட்டும் தானே விழித்துக்கொள்ளும். அலாரத்தை எடுத்துவிட வேண்டும், இல்லை பேட்டரியைக் கழற்ற வேண்டும். சிம் இல்லாவிட்டாலும் பேசும். ஆளே இல்லாவிட்டாலும் பேசும்.

அது என் தங்கையின் கணவருடைய போன். மாப்பிள்ளை தொலைதூர லாரி ஓட்டினார். மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பார். தங்கை ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு அவள்தான் ஊசி குத்த வேண்டும். கை அவ்வளவு மென்மை. குத்தியதே தெரியாது என்று ஆட்கள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். ஆனால் தூக்கத்தில் மட்டும் இடி விழுந்தாலும் அசையமாட்டாள். மாப்பிள்ளை ஊரில் இருந்தால் அவர் எழுப்புவார். இல்லாத நாட்களில் நான் எங்கள் வீட்டிலிருந்து போன் செய்து செய்து ஓய்ந்துபோவேன்.

அதனால் ஒரு நாள் என் கடைக்கு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, பேசிப் பதிவு செய்தார். "ஏய் தூங்குமூஞ்சி, எழுந்திரு. மணி அஞ்சே முக்கால். ஊரே எழுந்தாச்சு." மூன்று தடவை பேசினோம். முதல் தடவை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை எனக்கு. மூன்றாவது சரியாக அமைந்தது. தனக்கு ஒரு புதுப் போன் வாங்கிக்கொண்டு இந்தப் பழையதை அவளுடைய தலைமாட்டில் வைத்தார். "நான் இல்லாட்டியும் இது பாத்துக்கும் அக்கா," என்றார். அவர் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. மலைச்சாலை ஒன்றில் லாரியோடு போய்ச் சேர்ந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து.

தங்கை என் வீட்டுக்கே திரும்பி வந்தாள். என் வீடு என்றால் இரண்டாவது மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. மேலே மொட்டை மாடி. அவள் பதினொரு வயதிலும் அங்கேதான் வந்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு இருபத்தொன்று. அவளுக்குத் தலை பின்னிவிட்டேன், பள்ளிக்கு அனுப்பினேன், படிக்க வைத்தேன், கட்டிக்கொடுத்தேன். இதையெல்லாம் நான் சொல்லிக்காட்டுவதில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவள் வந்த மறுநாள் காலை அந்தப் போன் அடித்தது. நான் அடுப்படியில் இருந்தேன். "ஏய் தூங்குமூஞ்சி" என்றது. நான் போய் நிறுத்திவிடலாம் என்று கரண்டியோடு ஓடினேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "எழுந்துட்டேன், எழுந்துட்டேன்," என்றாள். நான் கதவருகே நின்றுவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அது சொல்லும், அவள் பதில் சொல்வாள். ஒரு வருடம் அப்படிப் போனது. வீட்டில் மூன்று பேர் இருப்பது போலிருக்கும்.

கண்ணாடிக்காரர் வந்தது அதற்குப் பிறகு. ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துபவர். முதலில் என் கடைக்குத்தான் வந்தார், போனில் சத்தம் கரகரக்கிறது என்று. நல்ல மனிதர். கேட்காமலே எல்லோருடைய கண்ணாடியையும் வாங்கித் துடைத்துக் கொடுக்கும் பழக்கம் அவருக்கு. என்னுடையதையும் வாங்கினார். "இவ்வளவு தூசியை வெச்சுக்கிட்டு எப்படிங்க உலகம் தெரியுது உங்களுக்கு?" என்று சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே?"

"சொன்னாத்தானே தெரியும் திட்டணுமா வேணாமான்னு."

"கண்ணாடிக்காரர் கேக்கிறார்."

"எதைக் கேக்கிறார்? என் கண்ணாடியைத்தான் ஏற்கெனவே துடைச்சுட்டாரே."

"போக்கா." அவள் தலையணை உறையை முகத்தில் மூடிக்கொண்டாள். காது சிவந்திருந்தது. பிறகு அந்த உறைக்குள்ளிருந்தே மீதியையும் சொன்னாள். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வருகிறதாம். ரயிலில் எட்டு மணி நேரமாம். அங்கேயும் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கு ஆள் தேவையாம்.

"உன் இஷ்டம்," என்றேன்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு வேண்டாம் என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரியும். தலையணை உறையை முகத்திலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க முடிஞ்சா நல்லாருக்கும்க்கா. அவர் போகச் சொன்னா நிம்மதியாப் போயிடுவேன்," என்றாள்.

அவர் என்றது மாப்பிள்ளையை. கேட்டது அவள்தான், மேடம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் மெமரி கார்டில் இருந்ததெல்லாம் என் கணினியில் இருந்தது. கடைக்கு வரும் எந்தக் கார்டையும் ஒரு பிரதி எடுத்து வைப்பேன், தொழில் பழக்கம். அவர் சாலையிலிருந்து அவளுக்குப் பேசி அனுப்பியவை நூற்றுக்கு மேல். நான் எல்லாவற்றையும் கேட்டேன். இரண்டு மூன்று தடவை கேட்டேன். சரியானதைத் தேடி எடுக்க வேண்டுமானால் கேட்டுத்தானே ஆக வேண்டும். ஒன்றில், "இன்னிக்கு வேலைக்குப் போகாதே, நான் மத்தியானமே வந்துடறேன்" என்றிருந்தார். நடுவில் இருந்ததை எடுத்துவிட்டு, "போகாதே. நான் வந்துடறேன்" என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

இதில் பழைய போனின் குணம் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அலாரத்துக்கு எந்தச் சத்தம் என்று அது நினைவில் வைப்பது கோப்பின் பெயரை மட்டும்தான். அதே பெயரில் வேறு ஒன்றை அங்கே வைத்துவிட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது. அலாரத்தைத் திறந்து பார்த்தால் பழைய பெயர், பழைய நேரம், எதுவும் மாறியிருக்காது. அவள் குளிக்கும் நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை அவள் எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அக்கா, நீ கேட்டியா?"

"எதை?" என்றேன்.

அது பொய் இல்லை, கேள்வி.

அன்று அவள் குளிக்கும்போது பழைய கோப்பைத் திரும்ப வைத்துவிட்டேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனை எடுத்துப் போய்க் கண்ணாடிக்காரரிடம் கொடுத்து, இதைக் கேளுங்கள் என்றிருக்கிறாள். "ஏய் தூங்குமூஞ்சி, எழுந்திரு" என்றது. அவர், நீ சரியாகத் தூங்குவதில்லை, அதனால்தான் என்றிருக்கிறார். அதன்பிறகு நான்கு நாள் வழக்கம்போல் போகும். ஐந்தாம் நாள், "போகாதே. நான் வந்துடறேன்." பிறகு மூன்று நாள் ஒன்றும் இருக்காது. தினமும் வைத்திருந்தால் அவள் போனில்தான் ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்திருப்பாள். அவள் முட்டாள் இல்லை.

பயந்து போனை அணைத்து வைத்தாள். அது அடித்தது. சிம்மைக் கழற்றினாள். அடித்தது. சேலைகளுக்கு நடுவில் சுருட்டி அலமாரிக்குள் பூட்டினாள். சேலைகளுக்குள்ளிருந்து அடித்தது. அன்றைக்கு ஈரத்தலையோடு என் கடைக்கே வந்துவிட்டாள். நான் ஒருவருடைய போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, உனக்குத்தான் தெரியும். ஆஃப் பண்ணி வெச்சாலும் அலாரம் அடிக்குமா?"

"ஆஃப் பண்ணினா எப்படிடி அடிக்கும்?" என்றேன். "அடிக்கக்கூடாதே."

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றபடி ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. வெட்ட மட்டும்தான் செய்தேன். அவர் சொல்லாத எதையும் அவரைச் சொல்ல வைக்கவில்லை.

பேட்டரியைக் கழற்றிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை கழற்றினாள். அரை மணி நேரத்தில் அழுதுகொண்டே மாட்டிவிட்டாள். கண்ணாடிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டதாக அன்று மாலை என்னிடம் சொன்னாள். நான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு.

அதற்கடுத்த நான்கு மாதம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள், அது உண்மை. இரண்டு பேருக்கு நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்திவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் புகார் வந்ததும் உண்மை. ஆனால் வேலை முடிந்தால் நேராக வீட்டுக்கு வந்தாள். எங்கேயும் போகவில்லை. அவள் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடப்பது எனக்குத்தான் கவலையாக இருந்தது. அதனால் அவர் ஊரில் இருந்தபோது பேசி அனுப்பியதில் இரண்டாவதாக ஒன்றைத் தேடி எடுத்தேன். "மாடிக்கு வா, துணி எடுக்கணும், ஒரு கை குடு." அதில் முதல் இரண்டு வார்த்தை. காலைக் காற்று உடம்புக்கு நல்லதுதானே.

அவள் போனாள். மறுநாளும் போனாள். பிறகு அலாரம் என்ன சொன்னாலும் எழுந்ததும் மாடிக்குப் போகத் தொடங்கினாள். இரண்டு கோப்பைத் தேநீர் எடுத்துப் போவாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு திட்டு இருக்கிறது. அதில் போனையும் ஒரு கோப்பையையும் வைத்துவிட்டு எதிரே நின்றுகொண்டு தன்னுடையதைக் குடிப்பாள். ஏதோ பேசுவாள். அவள் இறங்கி வந்ததும் நான் மேலே போய் அந்த இன்னொரு கோப்பையை எடுத்து வருவேன். ஆறிப் போயிருக்கும். கொட்ட மனம் வராமல் நானே குடித்துவிடுவேன்.

"அவர் மாடியில இருக்கார்க்கா," என்றாள் ஒரு நாள். பயந்து சொல்லவில்லை. பால் வாங்கிவிட்டேன் என்று சொல்வது போலச் சொன்னாள்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நீங்கள் நம்பமாட்டீர்கள், சில நாள் எனக்கே அப்படித் தோன்றியது. கோப்பையை எடுக்கப் போகும்போது தொட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ நகர்வது போலிருக்கும். என் கையால் வெட்டி வைத்த குரல், எந்த நொடியில் மூச்சு வாங்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனாலும் ஐந்தே முக்காலுக்கு அது அறைக்குள் பேசும்போது அடுப்படியில் என் கை நின்றுவிடும். பால் பொங்கி வழிந்த நாட்கள் உண்டு.

கண்ணாடிக்காரர் விடவில்லை. மாற்றல் உத்தரவு கையில் வந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் உள்ளே பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுவர் மெல்லிசு.

"இந்த மாதிரி குரல் வெக்கிற வேலையெல்லாம் உங்க அக்கா கடையிலதானே செய்றாங்க?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

தங்கை குரல் உயர்ந்தது. "எங்க அக்காவைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. அவ எனக்கு அம்மா. இன்னொரு தடவை இப்படிச் சொன்னா நீங்க வரவே வேண்டாம்."

நான் நறுக்கிய பழத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு வெளியே போய் அவருக்குக் கொடுத்தேன். அவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

அவ்வளவு சொன்னவள் மனம் மாறமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அந்த வாரமே என் படுக்கை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் போறேன்க்கா. வெள்ளிக்கிழமை பதிவு ஆபீஸ்ல கையெழுத்து. அவர் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். உசிரோட இருக்கிறவங்களையும் பார்க்கணும் இல்ல?"

"உன் இஷ்டம்."

"நீ அப்படிச் சொன்னாலும் போறேன்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "போனை உன்கிட்டயே விட்டுட்டுப் போறேன். அவரை நீ பாத்துக்கோ. வியாழக்கிழமை காலையில மாடியில அவர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. கடைசி நாளாவது அவர் அவளிடம் சிரித்துப் பேசட்டும் என்று நினைத்தேன். நான்கைந்து மாதமாகப் போகாதே போகாதே என்றே சொல்லியிருக்கிறார். அப்படியே அனுப்பினால் பாவம், மனதில் நிற்கும்.

சிரித்துப் பேசியது ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் எங்கள் மாடியில் எடுத்தது. அவர் அவளைப் புகைப்படம் எடுப்பதாக நினைத்துக்கொண்டு தவறுதலாக வீடியோவை அமுக்கிவிட்டார். அவள் கிழக்குப் பக்கம் நிற்கிறாள், பின்னால் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர். படத்தின் ஓரத்தில் என் முழங்கை தெரியும். "சிரி. அட, கல்யாணத்துக்கே இப்படித்தான் மூஞ்சியை வெச்சிருந்த. இப்ப சிரிச்சா என்ன, பல்லு கொட்டிடுமா? ஆ, அதுதான். இன்னும் கொஞ்சம் பின்னாடி போ. என்னையே பாரு. இன்னும். இன்னும் ஒரு அடி." அவள் சிரித்துக்கொண்டே பின்னால் பின்னால் போகிறாள். எங்களுக்கெல்லாம் மிகவும் பிடித்த வீடியோ அது. எத்தனையோ தடவை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். கண்ணாடிக்காரருக்கும் அவள் காட்டியிருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் கிழக்குச் சுவர் வெகுநாளாக விரிசல் விட்டிருந்தது. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். பழுது பார்க்கும் பொறுப்பு என்னுடையது. கொத்தனாரை அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தேன். பிறகு, சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது என்று தோன்றியதால் புதன்கிழமையே வரச் சொன்னேன். அவர் மத்தியானம் வந்து பழைய சுவரை அடியோடு இடித்தார். மிச்சத்தை மறுநாள் கட்டுவதாகச் சொல்லி, யாரும் அந்தப் பக்கம் போகாதபடி குறுக்கே ஒரு கயிறு கட்டிவிட்டுப் போனார். தங்கை அப்போது வேலையில் இருந்தாள். சாயங்காலம் வந்தவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். பெட்டி அடுக்குவதில் இருவரும் மும்முரமாக இருந்தோம். கயிற்றை அவிழ்த்தது நான்தான். துணி காயப்போடும் கொடி அறுந்திருந்தது.

வியாழக்கிழமைக்கு இரண்டு அலாரம் வைத்தேன். ஐந்தே முக்காலுக்குப் பழைய தூங்குமூஞ்சி. அவள் மேலே போய்ச் சேர பத்து நிமிடம் விட்டு, ஐந்து ஐம்பத்தைந்துக்கு அந்தப் புதியது.

அவள் எழுந்தாள். முகம் கழுவி, வழக்கம்போல் இரண்டு கோப்பைத் தேநீர் எடுத்துக்கொண்டாள். "வரேன்க்கா," என்றாள். நான் தலையசைத்தேன். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. கூரை வழியாக முதலில் அவள் பேசுவது கேட்டது. என்ன பேசினாள் என்று தெரியாது. பிறகு அவர் பேசினார். சிரி என்றார். அவள் சிரித்தாள், மேடம். இரண்டு வருடத்தில் நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. கோபம் போய்விட்டது, வழியனுப்புகிறார் என்று நினைத்திருப்பாள். அவர் போ என்றார். காலடிச் சத்தம் எனக்கு நேர் மேலே ஆரம்பித்துக் கிழக்கே போனது. ஒவ்வொரு அடியாக.

பிறகு கீழே காய்கறி வண்டிக்காரர் கத்தினார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

தவறி விழுந்துவிட்டாள் என்று எழுதினார்கள். எல்லோரும் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கண்ணாடிக்காரர் மாடிக்குப் போய் அந்தத் திட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டார், ஞாபகத்துக்காக. மூன்று தடவை நான் கேட்டும் தரவில்லை. மறுநாள், அவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய அந்த வெள்ளிக்கிழமை, ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவருடைய சட்டைப் பையில் அது அடித்திருக்கிறது. அவர் உங்களிடம் வந்து என்ன சொன்னார் என்று நீங்களே சொன்னீர்கள். அந்தப் பேச்சு முடியவில்லை, அதற்குப் பிறகு ஒரு வரி இருக்கிறது என்றார். நல்ல காது அவருக்கு.

காலையிலிருந்து நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதும் அதைத்தான். ஏன் அந்த இடத்தில் வெட்டினாய் என்று. அந்த ரகப் போன் முப்பது நொடிக்கு மேல் ஒரு அலாரம் சத்தத்தை ஏற்றுக்கொள்ளாது, அதனால் வெட்டினேன் என்று சொன்னேன். அது சரியான தகவல்தான். தொழில் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். இந்த நாற்காலியில் வந்து உட்காரும்வரை நான் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் வைத்த துண்டு இருபத்து மூன்று நொடி. அதற்குப் பிறகு வீடியோவில் அவர், "போதும் போதும், சுவரு வந்துடுச்சு, அங்கேயே நில்லு" என்கிறார். அதற்கு நான்கு நொடி.

அளந்த பிறகுதான் வெட்டினேன்.